ஜாவாவில் கலெக்‌ஷன் ஜாயின்: கம்பைலர் எதைக் காக்கும், எதை நாம் காக்க வேண்டும்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்கு விநியோக நிறுவனத்தில் ஜாவா எழுதும் தம்பி ஒருவர் கேட்டது இது. ஒரு ஆர்டருக்குள் பல பொருள்கள். ஃப்ரோசன் பொருளும் சாதாரணப் பொருளும் சேர்ந்தே இருக்கிற ஆர்டர்களை மட்டும் பக்கம் பக்கமாகத் திரையில் காட்ட வேண்டும். அவற்றுக்கு இரண்டு வண்டி ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஜேபிஏ என்பது ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸ் அட்டவணைகளோடு இணைக்கும் தரநிலை, கிரைட்டீரியா என்பது அதில் க்வெரியை ஜாவா மெத்தட்களாலேயே கட்டும் முறை. அந்த ஜேபிஏ கிரைட்டீரியாவில் கலெக்‌ஷனுக்குள் கெட் போட்டு இறங்க முடியவில்லை. பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைப்பது) போட்டால் ஒரே ஆர்டர் நாலு தடவை வருகிறது. திரும்ப வருவதை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டால் மெதுவாகிறது. இரண்டு வகையையும் சேர்த்துக் கேட்டால் ஒன்றுமே வருவதில்லை. "டைப் சேஃபாக மாற்றி எழுதினால் இதெல்லாம் சரியாகிவிடுமா அண்ணே?"

தம்பி, பாதிதான் சரியாகும். பெயரும் டைப்பும் தப்பாகப் போகாமல் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஜாயின் போட்ட பிறகு வரும் ஒவ்வொரு வரியும் எதைக் குறிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் கேள்வியில் முதல் இரண்டு சிக்கலில் ஒன்றரை டைப் சம்பந்தப்பட்டது, மிச்சமெல்லாம் வரி சம்பந்தப்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தீர்வு பிடிபடும்.

முதலில் டைப். ஜேபிஏ 2.0 வெளியான 2009 முதலே கிரைட்டீரியா ஏபிஐயும், என்டிட்டியின் ஃபீல்டுகளை டைப்போடு பட்டியலிடும் ஸ்டாடிக் மெட்டாமாடலும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் நிறையப் பேர் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். மெட்டாமாடல் இல்லாத கிரைட்டீரியா, நீளமான ஸ்ட்ரிங் க்வெரிதான். படிக்க அதைவிடக் கஷ்டம். உங்களிடம் ஆர்டர் என்ற என்டிட்டி (அட்டவணையோடு இணைந்த க்ளாஸ்) இருந்தால், கம்பைல் ஆகும்போது ஜேபிஏவைச் செயல்படுத்தும் ஹைபர்நேட் லைப்ரரியின் அனோட்டேஷன் ப்ராசெசர் பக்கத்திலேயே ஆர்டர்_ என்று கடைசியில் அடிக்கோடு போட்ட ஒரு க்ளாஸை உருவாக்கும். அதில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு அடையாளம் இருக்கும். தனி மதிப்பு என்றால் சிங்குலர்ஆட்ரிபியூட். கலெக்‌ஷன் என்றால் அதன் வகைக்கு ஏற்ப செட்ஆட்ரிபியூட், லிஸ்ட்ஆட்ரிபியூட், மேப்ஆட்ரிபியூட், கலெக்‌ஷன்ஆட்ரிபியூட்.

இந்த வகைப் பிரிவில்தான் கலெக்‌ஷன் ஜாயினின் முழு ருசியும் இருக்கிறது. க்வெரி தொடங்கும் என்டிட்டியைக் குறிக்கும் ரூட்டில் ஜாயின் என்று ஒரே பெயரில் பல மெத்தட்கள் இருக்கின்றன. செட்ஆட்ரிபியூட் கொடுத்தால் செட்ஜாயின் திரும்பி வரும், லிஸ்ட் கொடுத்தால் லிஸ்ட்ஜாயின், மேப் கொடுத்தால் மேப்ஜாயின். லிஸ்ட்ஜாயினில் மட்டும் இன்டெக்ஸ் என்ற மெத்தட் இருக்கும். வண்டி நிற்கும் இடங்களை வரிசையோடு சேமித்திருந்தால், அதாவது ஆர்டர்காலம் (OrderColumn, வரிசை எண்ணை வைக்கும் அட்டவணைப் பத்தி) போட்ட லிஸ்டாக இருந்தால், "முதல் நிறுத்தம் ஜூரோங்கில் இருக்கும் ஆர்டர்கள்" என்று கேட்க அது போதும். மேப்ஜாயினில் கீ, வேல்யூ இரண்டும் அவற்றின் சொந்த டைப்போடு கிடைக்கும். செட்ஜாயினில் இவை எதுவும் இருக்காது. இல்லாத வரிசையைக் கேட்க கம்பைலர் விடாது.

கெட் போட்டு ஏன் இறங்க முடியவில்லை என்றால், ரூட்.கெட்(ஆர்டர்_.பொருள்கள்) தருவது பாத் அல்ல, வெறும் எக்ஸ்ப்ரெஷன். அதன் டைப் "பொருள்களின் செட்". செட் ஒன்றுக்கு எடை என்று ஒன்று கிடையாதே. ஒவ்வொரு பொருளுக்கும்தான் எடை உண்டு. அதனால் அங்கே கெட் என்ற மெத்தடே வைக்கவில்லை. காலியா, எத்தனை இருக்கிறது, இந்தப் பொருள் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் அதைக் கேட்கலாம். இஸ்எம்ப்டி, சைஸ், இஸ்மெம்பர் என்று, கண்டிஷன்களை உருவாக்கும் கிரைட்டீரியாபில்டரில் இருப்பவை அதற்குத்தான். உள்ளே இறங்க வேண்டுமென்றால் ஜாயின்தான் வழி. கம்பைலர் உங்களைத் தடுத்தது குறையே இல்லை, சரியான இடத்தில்தான் தடுத்திருக்கிறது.

நீங்கள் அந்தத் தடையைத் தாண்ட ஸ்ட்ரிங்குக்குப் போனீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். ஸ்ட்ரிங் வாங்கும் ஜாயின் மெத்தடின் அறிவிப்பு இப்படி:

<எக்ஸ், ஒய்> ஜாயின்<எக்ஸ், ஒய்> ஜாயின்(ஸ்ட்ரிங் பெயர்)

எக்ஸும் ஒய்யும் எங்கிருந்து வருகின்றன? நீங்கள் இடப்பக்கம் எழுதும் வேரியபிளிலிருந்துதான். ஜாயின்<ஆர்டர், ஓட்டுநர்> என்று ஒரு வேரியபிள் வைத்து, வலப்பக்கம் "பொருள்கள்" என்று ஸ்ட்ரிங் கொடுத்தால் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாது. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பும். பார்வைக்கு ஜெனரிக்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிற நிரல், ஓடும்போது உடைகிறது. ஸ்ட்ரிங் வாங்கும் கெட் மெத்தடும் இதே ரகம். அதனால் உங்கள் டீமில் ஒரே ஒரு விதி வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்: கிரைட்டீரியா நிரலில் ஃபீல்டு பெயர் மேற்கோள் குறிக்குள் வரக்கூடாது.

மெட்டாமாடல் உருவாகவில்லை என்று பலர் பாதியில் விடுவார்கள். ஜேடிகே 23 முதல், க்ளாஸ்பாத்தில் ப்ராசெசர் கிடந்தால் மட்டும் போதாது. அதை வெளிப்படையாகச் சொன்னால்தான் ஜாவா கம்பைலரான ஜாவாசி (javac) ஓட்டும். பில்ட் கருவியான மேவனில் கம்பைலர் ப்ளகினின் அனோட்டேஷன் ப்ராசெசர் பாத்தில் எழுதிவிடுங்கள். இன்னொரு அனோட்டேஷன் ப்ராசெசரான லோம்போக் வைத்திருந்தால் அதையும் அதே இடத்தில் எழுத வேண்டும், ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது காணாமல் போகும். ஹைபர்நேட்டில் நெடுநாளாக ஜேபிஏமாடல்ஜென் என்று இருந்த பொதிக்குப் புதிய பதிப்புகளில் ஹைபர்நேட் ப்ராசெசர் என்று பெயர்.

சரி, மெட்டாமாடல் வந்துவிட்டது. இனி எல்லாம் டைப் சேஃபா? இல்லை. இது பலருக்குத் தெரியாமல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கிரைட்டீரியாபில்டரின் லைக், கிரேட்டர்தேன், பிட்வீன் எல்லாம் டைப் பார்க்கும். ஆனால் எல்லோரும் அதிகம் பயன்படுத்தும் ஈக்வல், இரண்டாவது மதிப்பாக ஆப்ஜெக்ட் வாங்குகிறது. எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நம் ஊர் அஞ்சல் குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995 முதல் சிங்கப்பூரில் 6 இலக்கம். சிராங்கூன் ரோடு, தேக்கா பக்கமெல்லாம் 20, 21 என்று தொடங்கும், பிரச்சினை இல்லை. ராஃபிள்ஸ் பிளேஸ், மரீனா பே பக்கம் போனால் 04, 01 என்று பூஜ்யத்தில் தொடங்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அந்த ஃபீல்டை ஸ்ட்ரிங்காக வைப்பார்கள். ஆனால் திரையிலிருந்து வரும் தகவலை யாரோ இன்டீஜராக வாங்கி, ஈக்வலுக்குள் அப்படியே கொடுத்துவிட்டால்? மெட்டாமாடல் அது ஸ்ட்ரிங் என்று தெளிவாகச் சொல்லியிருந்தும் கம்பைலர் வாயே திறக்காது. அப்புறம் ஓடும்போது எர்ரர் வரலாம், அல்லது பூஜ்யம் தொலைந்து விடையே வராமல் போகலாம். எக்ஸ்ப்ரெஷனில் இருக்கும் இன் மெத்தடும் இப்படித்தான், எந்த கலெக்‌ஷனையும் வாங்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்து சின்னது. உங்கள் ப்ராஜெக்டில் ஒரு துணை மெத்தட் எழுதி வையுங்கள்:

ஸ்டாடிக் <டி> ப்ரெடிகேட் சமம்(கிரைட்டீரியாபில்டர் பில்டர், எக்ஸ்ப்ரெஷன்<டி> இடம், டி மதிப்பு)

உள்ளே ஒரே வரி, பில்டரின் ஈக்வலைக் கூப்பிட வேண்டியதுதான். இடம் என்பது எக்ஸ்ப்ரெஷன்<ஸ்ட்ரிங்> என்றால் டி ஸ்ட்ரிங் ஆகிவிடும், இன்டீஜர் கொடுத்தால் கம்பைல் ஆகாது. இன் வேண்டுமென்றால் பில்டரிலேயே இன் இருக்கிறது. அதில் வேல்யூ மெத்தடால் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் டைப் பார்க்கும். கிரைட்டீரியாவை டைப் சேஃப் என்று சொல்லிக்கொள்ளும் டீமில் இந்த மெத்தட் இல்லையென்றால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

இனி வரிகள். ஒரு ஆர்டரில் 4 பொருள் இருந்தால், ஜாயின் போட்டதும் டேட்டாபேஸ் 4 வரி தரும். ஒவ்வொரு வரியிலும் அதே ஆர்டர், பக்கத்தில் ஒரு பொருள். உங்களுக்கு நாலு தடவை வந்தது இதனால்தான். இதே காரணத்தால்தான் இரண்டு வகையையும் கேட்டபோது ஒன்றும் வரவில்லை. ஒரே ஜாயினை வைத்து "வகை ஃப்ரோசன், வகை சாதாரணம்" என்று அண்ட் போட்டீர்கள். ஒரே வரியில் இருக்கும் ஒரே பொருள் இரண்டு வகையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டீர்கள். அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை, விடையும் இல்லை. டைப் எல்லாம் சுத்தமாக இருந்தும் கேள்வி தப்பு.

ஜாயினை இரண்டு தடவை கூப்பிட்டால் எஸ்கியூஎல்லில் இரண்டு தனி ஜாயின் வரும். ஒன்றில் ஃப்ரோசன், மற்றதில் சாதாரணம் என்று கேட்கலாம். விடை சரியாக வரும், ஆனால் வரிகள் பெருகும். 3 ஃப்ரோசன், 5 சாதாரணம் உள்ள ஆர்டர் 15 தடவை வரும். தீபாவளிக்கு முன்னால் லிட்டில் இந்தியாக் கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களை யோசியுங்கள், ஒவ்வொன்றிலும் பத்து இருபது பொருள். அதன் மேல் டிஸ்டிங்க்ட் போட்டால், டேட்டாபேஸ் அத்தனையையும் உருவாக்கிவிட்டு, அப்புறம் ஒப்பிட்டுத் தள்ள வேண்டும். மெதுவாகாமல் என்ன செய்யும்? போதாததற்கு, போஸ்ட்கிரெஸ்ஸில் டிஸ்டிங்க்ட் இருக்கும்போது செலக்டில் இல்லாத காலத்தை (column) வைத்து வரிசைப்படுத்த முடியாது. ஜேசன் டைப் காலம் ஒன்று ஆர்டரில் இருந்தாலும் டிஸ்டிங்க்டே ஓடாது.

நீங்கள் உண்மையில் கேட்க நினைப்பது "இந்த ஆர்டருக்குள் இப்படி ஒரு பொருள் இருக்கிறதா" என்பதை. உண்டா இல்லையா என்ற கேள்விக்கு எக்ஸிஸ்ட்ஸ்தான் பொருத்தம். வரி பெருகாது, டிஸ்டிங்க்ட் வேண்டாம். கிரைட்டீரியாவில் இதை மெட்டாமாடலோடு எழுத கோரிலேட் என்ற மெத்தட் இருக்கிறது, ஏனோ அதை அதிகம் யாரும் தொடுவதில்லை:

சப்க்வெரி<இன்டீஜர்> சப் = க்வெரி.சப்க்வெரி(இன்டீஜர்.க்ளாஸ்);
ரூட்<ஆர்டர்> அதேஆர்டர் = சப்.கோரிலேட்(ரூட்);
செட்ஜாயின்<ஆர்டர், பொருள்> பொருள் = அதேஆர்டர்.ஜாயின்(ஆர்டர்_.பொருள்கள்);
சப்.செலக்ட்(பில்டர்.லிட்டரல்(1))
   .வேர்(சமம்(பில்டர், பொருள்.கெட்(பொருள்_.வகை), வகை.ஃப்ரோசன்));

இரண்டாவது வரிதான் முக்கியம். வெளியில் இருக்கும் ரூட்டையே சப்க்வெரிக்குள் கொண்டுவருகிறோம். அதனால் ஐடியை ஐடியோடு ஒப்பிடும் வேலை நமக்கில்லை, ஃபாரின் கீ எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டாம். இதை வகையை மட்டும் வாங்கும் ஒரு மெத்தடாக ஆக்குங்கள். ஃப்ரோசனுக்கு ஒரு தடவை, சாதாரணத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, இரண்டு எக்ஸிஸ்ட்ஸையும் அண்ட் போட்டால் உங்கள் க்வெரி முடிந்தது.

எதிர்மறை வந்தால் இது இன்னும் அவசியம். "ஃப்ரோசன் பொருளே இல்லாத ஆர்டர்கள்" என்று நாளைக்கு மேலாளர் கேட்பார். ஜாயின் போட்டு நாட்ஈக்வல் எழுதினால், ஃப்ரோசன் அல்லாத ஒரு பொருளாவது இருக்கும் ஆர்டர்கள் வந்துவிடும். அவற்றில் ஃப்ரோசனும் இருக்கலாம். பொருளே சேர்க்காத ஆர்டர் விடுபட்டுப் போகும். நாட், அதற்குள் எக்ஸிஸ்ட்ஸ். வேறு குறுக்கு வழி இல்லை.

அப்புறம் ஃபெட்ச். வடிகட்டுவதற்கு ஒரு ஜாயின், உடன் கொண்டுவருவதற்கு ஒரு ஃபெட்ச், இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். ரூட்.ஃபெட்ச் தருவது ஃபெட்ச் என்ற டைப், ஜாயின் அல்ல. அதில் கண்டிஷன் வைக்க கெட் கிடையாது. ஹைபர்நேட்டில் அதை ஜாயினாக காஸ்ட் பண்ண முடியும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முடியும்தான். ஆனால் ஃபெட்ச் பண்ணிய கலெக்‌ஷன் மேல் ஃப்ரோசன் மட்டும் என்று கண்டிஷன் வைத்தால், மெமரியில் இருக்கும் ஆர்டரின் பொருள்கள் செட்டில் ஃப்ரோசன் மட்டுமே இருக்கும். அந்த டிரான்ஸாக்‌ஷனில் வேறு யாராவது மொத்த எடையைக் கூட்டினால் பாதி எடைதான் வரும். எர்ரர் இல்லை, லாகில் ஒன்றும் இல்லை, கணக்கு மட்டும் தப்பு. காஸ்ட் போட்டுத்தான் ஓர் இடத்துக்குள் போக முடிகிறதென்றால், அந்த ஏபிஐ உங்களை வேண்டுமென்றேதான் வெளியே நிறுத்தியிருக்கிறது.

பக்கம் பக்கமாகக் காட்டுவது மெதுவாக இருப்பதற்கும் பெரும்பாலும் ஃபெட்ச்தான் காரணம். கலெக்‌ஷனை ஃபெட்ச் பண்ணிக்கொண்டு எத்தனை முடிவு வேண்டும் என்று சொல்லும் செட்மேக்ஸ்ரிசல்ட்ஸ் போட்டால், எஸ்கியூஎல்லில் லிமிட் வைக்க முடியாது. 20 வரி என்று வெட்டினால் கடைசி ஆர்டரின் பொருள்கள் பாதியில் அறுந்துவிடும். அதனால் ஹைபர்நேட் மொத்தத்தையும் இழுத்து மெமரியில் வெட்டுகிறது, லாகில் ஒரு எச்சரிக்கையும் போடுகிறது. அதை யாரும் படிப்பதில்லை. இதை இரண்டு க்வெரியாகப் பிரித்துவிடுங்கள். முதலாவது எக்ஸிஸ்ட்ஸ் கண்டிஷன்களோடு ஆர்டர் ஐடிகளை மட்டும், வரிசைப்படுத்தி, 20 என்று வெட்டி எடுக்கும். இரண்டாவது அந்த ஐடிகளுக்கு மட்டும் ஃபெட்ச் போட்டு, அதே வரிசையில் கொண்டுவரும். ஹைபர்நேட் 6 முதல் இந்த இரண்டாவது க்வெரியில் ஒரே ஆர்டர் திரும்பத் திரும்ப வருவதை அதுவே நீக்கிவிடுகிறது. 5 என்றால் டிஸ்டிங்க்ட் எழுதுங்கள். மொத்த எண்ணிக்கைக்கு எக்ஸிஸ்ட்ஸ் கண்டிஷனோடு சாதாரண கவுண்ட் போதும்.

கிரைட்டீரியா கண்டிஷன்களைப் பொதிந்து வைக்கும் ஸ்ப்ரிங் டேட்டாவின் ஸ்பெசிஃபிகேஷன் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதற்குள் ஃபெட்ச் எழுதினால் பக்க எண்ணிக்கை எடுக்கும் கவுண்ட் க்வெரியிலும் அதே ஃபெட்ச் போய் உட்கார்ந்து, செலக்டில் ஆர்டரே இல்லையே என்று ஹைபர்நேட் சண்டை போடும். ஸ்பெசிஃபிகேஷனில் கண்டிஷன் மட்டும் இருக்கட்டும்.

பொருள்களையும் நிறுத்தங்களையும் ஒரே க்வெரியில் ஃபெட்ச் பண்ண நினைக்காதீர்கள். இரண்டும் வரிசைக் காலம் இல்லாத லிஸ்ட் என்றால் மல்டிபிள்பேக்ஃபெட்ச்எக்ஸெப்ஷன் வரும். அதைப் போக்க லிஸ்டை செட்டாக மாற்றச் சொல்வார்கள். எக்ஸெப்ஷன் போய்விடும், ஆனால் 30 பொருளும் 12 நிறுத்தமும் உள்ள ஓர் ஆர்டருக்கு 360 வரி அப்படியேதான் வரும். ஒன்றை ஃபெட்ச் பண்ணுங்கள், மற்றதற்கு, பல ஆர்டர்களுக்குச் சேர்த்து ஒரே தடவையில் எடுக்கும் பேட்ச்சைஸ் வையுங்கள்.

ஓட்டுநருக்கான குறிப்பை மொழி வாரியாக மேப்பில் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நாலு மொழி நாட்டில் நல்ல அமைப்பு. தமிழ்க் குறிப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றாலும் ஆர்டர் விடுபடக் கூடாது என்பதற்கு லெஃப்ட் ஜாயின் சரி. ஆனால் மேப்ஜாயின்.கீ தமிழுக்குச் சமம் என்ற கண்டிஷனை வேர் (where) மெத்தடில் எழுதினால், குறிப்பு இல்லாத ஆர்டரில் கீ வெறுமையாக (null) இருக்கும், ஆர்டரே உதிர்ந்துவிடும். அதை ஜாயினின் ஆன் மெத்தடில் எழுத வேண்டும். ஜேபிஏ 2.1 முதல் அது இருக்கிறது. ஒரு ஆர்டருக்கு ஒரு மொழியில் ஒரு குறிப்புதான் என்பதால் இங்கே வரியும் பெருகாது.

வேறு லைப்ரரிக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். க்வெரிடிஎஸ்எல் படிக்க அழகு, சமமா என்று கேட்கும் அதன் ஈக்யூ மெத்தட் டைப்பும் பார்க்கும். மூல ப்ராஜெக்ட் மந்தமாகிவிட்டதால் இப்போது ஓபன்ஃபெய்ன் கிளையைத்தான் பலர் எடுக்கிறார்கள். அதில் கலெக்‌ஷனுக்கு எனி என்று ஒன்று உண்டு, எக்ஸிஸ்ட்ஸாக மாறும். ஆனால் "எனி ஃப்ரோசன், எனி 10 கிலோவுக்கு மேல்" என்று இரண்டு தடவை எழுதினால் இரண்டு தனி எக்ஸிஸ்ட்ஸ் ஆகும். ஃப்ரோசன் ஒரு பொருள், 10 கிலோ இன்னொரு பொருள் என்றாலும் ஆர்டர் வந்துவிடும். ஒரே பொருளைக் கேட்க சப்க்வெரியை நீங்களே எழுத வேண்டும். வரியின் பொருளை யோசிக்கும் வேலை அங்கேயும் நம்முடையதுதான். ஜூக் வேறு பாதை, டேட்டாபேஸ் ஸ்கீமாவிலிருந்து க்ளாஸ்களை உருவாக்குவது. 2021இல் வந்த 3.15 பதிப்பின் மல்டிசெட், உள்ளடங்கிய கலெக்‌ஷன்களை டைப்போடு ஒரே க்வெரியில் வரிப்பெருக்கம் இல்லாமல் தருகிறது. அறிக்கைத் திரைகள் நிறைய இருந்தால் அது எனக்கு மிகவும் பிடித்த வழி. உங்கள் ஒரு திரைக்காக இப்போது மாற வேண்டாம்.

கண்டிஷன்கள் மாறாத நிலையான க்வெரி என்றால் கிரைட்டீரியாவே வேண்டாம். ஹைபர்நேட் 6.3 முதல், ஹெச்கியூஎல் (ஹைபர்நேட்டின் க்வெரி மொழி) அனோட்டேஷனில் எழுதும் க்வெரியை அதே ப்ராசெசர் கம்பைல் நேரத்திலேயே சரிபார்க்கிறது, ஃபீல்டு பெயர் தப்பென்றால் பில்ட் நிற்கும். பயனர் தேர்வுக்கு ஏற்பக் கண்டிஷன் கூடிக் குறையும் தேடல் திரைக்கு மட்டும் கிரைட்டீரியாவை வையுங்கள்.

மாற்றி எழுதியதும் டெஸ்டுக்கு ஐந்து ஆர்டர் போதும்: இரண்டு ஃப்ரோசன் மட்டும் உள்ளது, இரண்டு சாதாரணம் மட்டும் உள்ளது, இரண்டு வகையிலும் இரண்டிரண்டு உள்ளது, பொருளே இல்லாதது, ராஃபிள்ஸ் பிளேஸ் முகவரிக்குப் போவது. ஒரே ஒரு பொருள் உள்ள ஆர்டர்களை வைத்து டெஸ்ட் எழுதினால் வரி பெருகுவது தெரியவே தெரியாது. மூன்றாவது ஆர்டர் சரியாக ஒரு தடவை வருகிறதா, அதன் 4 பொருளும் முழுதாக இருக்கின்றனவா என்று இரண்டையும் சோதியுங்கள். எஸ்கியூஎல் லாகையும் திறந்து, முதல் க்வெரியில் லிமிட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.